மேளம் நின்ற இடம்

அன்பு ஏழுமலைக்கு,

நான் சங்கரலிங்கம். வயது ஐம்பது. ஆவடியில் நாம் இருவரும் வேலை பார்த்த தொழிற்சாலையில், அளவுப் பரிசோதனைப் பிரிவின் மேற்பார்வையாளன். உனக்கு நான் இழைத்த ஒரு தவற்றை எழுத்தில் ஒப்புக்கொள்வதும், அதை எவ்வாறு திருத்தப்போகிறேன் என்று அறிவிப்பதும் இக்கடிதத்தின் நோக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் பழகியவனிடம் பெயரும் வயதும் சொல்லித் தொடங்குகிறானே என்று நீ சிரிப்பாய். சிரி. அனுப்புநர், பொருள், நோக்கம் இல்லாத கடிதத்தை நான் எந்த மேசைக்கும் அனுப்பியதில்லை. இதைப் படிக்கப்போகிறவன் நீ மட்டுமில்லை. உன் ஆட்கள் படிப்பார்கள், என் ஆட்கள் படிப்பார்கள், நம் இருவரையும் அறியாதவர்களும் படிப்பார்கள். எழுதியவன் யார் என்பதில் ஒருவருக்கும் ஐயம் வேண்டாம்.

'நீ' என்று எழுதுவதற்கே எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. நீ இருந்தவரை உன்னை 'மிஸ்டர் ஏழுமலை' என்றே அழைத்தேன். நீயோ முதல் வாரத்திலேயே 'மாமே' என்று தொடங்கிவிட்டாய். அந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? நீ கடைந்து அனுப்பிய அச்சுத்தண்டுகளில் ஒரு தட்டு முழுவதையும் திருப்பி அனுப்பினேன். நீ துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என் மேசைக்கு வந்தாய்.

"தலமுடி அளவு சார். அதுக்கா திருப்பிட்ட?"

தலைமுடி அளவுக்கு விதியிலேயே இடம் உண்டு, நீங்கள் அதையும் தாண்டியிருக்கிறீர்கள் என்று அளவுகோலைக் காட்டினேன். சற்று நேரம் என்னை உற்றுப் பார்த்தாய். சண்டைக்கு வரப்போகிறாய் என்று எண்ணினேன். "இன்னா மாமே, ரூல்தடிய முழுங்கிட்டியா?" என்று கேட்டுவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனாய். மாலைக்குள் எல்லாவற்றையும் சரியாகக் கடைந்து அனுப்பிவைத்தாய். அன்றிலிருந்து அந்தப் பட்டறை முழுவதற்கும் நான் ரூல்தடி.

உன் லேத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று எழுத ஆசைதான். பொய் எழுதமாட்டேன். நீ போன மூன்றாம் வாரமே கொடுத்துவிட்டார்கள். உன் மகள் செல்வி பட்டாபிராமில் ஒரு பள்ளியில் ஆசிரியை ஆகிவிட்டாள். குரலில் உன் கண்டிப்பு இல்லை, கேலி இருக்கிறது. உன் மனைவி கன்னியம்மா திருமுல்லைவாயில் வீட்டின் முன்பக்கத்துக்குச் சிமெண்டுத் தரை போட்டிருக்கிறார். நீ நட்ட முருங்கை ஐப்பசி மழையில் சாய்ந்தது. சாய்ந்த நிலையிலேயே தழைத்துக் காய்க்கவும் தொடங்கிவிட்டது. வெட்டலாமா என்று கேட்டவர்களைக் கன்னியம்மா வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ இறப்பதற்கு எட்டு மாதங்களுக்கு முன் கேண்டீனில் என்னிடம் ஒன்று சொன்னாய். முதல் நெஞ்சுவலி வந்து, மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரம் அது. எலுமிச்சை சாதத்தை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு, சாதாரணமாகச் சொன்னாய்.

"மாமே, நான் பூட்டா என்ன எங்கூரு வரகுமேட்டுக்குத்தான் எடுத்துனு போவாங்க. அங்க ஒரு பாலம் கீது. அதுமேலதான் போவணும். கீழ எறக்கக் கூடாது. நீ கூட இருந்து பாத்துக்க."

நான் நாட்குறிப்பை எடுத்துக் குறித்துக்கொண்டேன். 'ஏழுமலை. வரகுமேடு. பாலத்தின் மேல்வழி.' ஏன் என்று கேட்கவில்லை. வழித்தடம் பற்றிய ஓர் அறிவுறுத்தல் என்று எடுத்துக்கொண்டேன். நீ என் பேனாவைப் பார்த்துக்கொண்டே வேறொன்றும் கேட்டாய். எழுத்தில் இருந்தால் அது ரூல்தானே என்றாய். எழுத்தும் வேண்டும், எழுதியவருடைய அதிகாரமும் கையொப்பமும் வேண்டும், அவை இல்லாதது உத்தரவு ஆகாது என்று நான் ஒரு சிறு பாடமே நடத்தினேன். நீ தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போனாய். எதை மனத்தில் வைத்துக் கேட்கிறாய் என்று நான் ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

சித்திரை வெயிலில் நீ போனாய். மருத்துவமனைச் சான்று, வண்டி, மாலை, தொழிற்சாலைக்குத் தகவல் என்று எல்லாவற்றையும் நானே முன்னின்று செய்தேன். உன் உறவினர்கள் ஒவ்வொன்றுக்கும் "இன்னா பண்லாம் சார்?" என்று என்னையே கேட்டார்கள். தார்ச்சாலை முடிகிற இடம்வரை வண்டி வந்தது. அதுதான் ஊர் முனை. பெண்கள் அங்கே நின்றுகொண்டார்கள். அங்கிருந்து பாடையைத் தோளில் ஏற்றி, மேளம் முன்செல்ல, ஆளற்ற ஊரின் நடுவே பாலத்தை நோக்கி நடந்தோம்.

பாலத்தின் வாயில் ஒரு தகரப் பலகை நட்டிருந்தது. 'பாலம் பழுது. மேலே செல்லத் தடை. மீறினால் நடவடிக்கை.' சிவப்புப் பெயிண்டு இன்னும் பளபளப்பாக இருந்தது. உன் பெரியப்பா மகன் முனுசாமி, போன மாசம் இது இல்லையே என்றார். நாற்பது பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். நானோ பலகையைப் பார்த்தேன். பாலம் இடிந்தால் பொறுப்பு யாருடையது என்று எண்ணினேன். கீழே ஓடை வறண்டு கிடந்தது. இறங்கி ஏறினால் அக்கரை. அக்கரையில் இடுகாடு.

"மேலே போகக் கூடாது. தடை போட்டிருக்கிறார்கள். கீழ்வழியாகப் போய்விடலாம்" என்றேன்.

முனுசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "சாரு சொல்லிட்டாரு. எறக்குங்கடா" என்றார். தாழ்ந்த குரல்தான்.

நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதை நான் நாட்குறிப்பில் எழுதியும் வைத்திருந்தேன். எழுதியதை மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட மன்னிப்புக்கு இடம் இருக்கும். நினைவோடுதான் இறக்கினேன்.

அப்போது ஒன்று நடந்தது. பாடை சரிவில் கால் வைத்ததும் மேளம் நின்றுவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மேளக்காரர்கள் தாங்களாகவே கருவிகளைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வளைவின் அடியில் நடந்தார்கள். வெயிலில் காலடி மண்ணின் ஓசை மட்டும் கேட்டது. அக்கரை ஏறியதும் மேளம் மறுபடி எழுந்தது. சரிவு செங்குத்தாக இருப்பதால் நிறுத்தினார்கள் என்று நான் நினைத்தேன். ஒழுங்கானவர்கள் என்று பாராட்டவும் செய்தேன், மனத்துக்குள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின், அலுவலகப் படிவங்களில் கையெழுத்து வாங்கக் கன்னியம்மாவிடம் போனேன். காட்டிய இடங்களில் எல்லாம் பொறுமையாகப் போட்டார். பேனாவை மூடிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"சார், ஒன்னு கேக்கட்டா? கோச்சிக்கக் கூடாது. அன்னிக்கி பாலத்தாண்ட மேளம் நின்னுச்சே, ஏன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

சரிவு என்றேன்.

"சரிவுல்லாம் இல்ல சார். அது பழக்கம்."

அதன்பிறகு அவர் சொன்னதை, என்னால் முடிந்த அளவு துல்லியமாக இங்கே எழுதுகிறேன். நீ அறிந்ததுதான். படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

வரகுமேட்டில் நிலம் வைத்திருந்தவர்களின் தெரு ஒருபுறம். அந்த நிலத்தில் நட்டு, களையெடுத்து, அறுத்தவர்களின் காலனி மறுபுறம். நடுவே ஓடையின் மேல் இந்தப் பழைய பாலம். காலனி ஆட்கள் நெல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாலத்தின் மேல் போகலாம். வைக்கோல் வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம். ஆனால் அவர்களுடைய வீட்டில் சாவு விழுந்தால், பாடை மேலே ஏறக் கூடாது. சாமி ஊர்வலம் போகும் பாதை, தீட்டுப் பட்டுவிடும். கீழே இறங்கி ஓடைக்குள் நடந்துதான் இடுகாடு சேர வேண்டும். வளைவின் அடியில் போகும்போது மேளமும் கேட்கக் கூடாது. மேலே போகும் மாடுகள் மிரளுமாம். மாடு போகாத நேரத்திலும் மேளம் கேட்கக் கூடாது.

மழைக்காலமானாலும் அதே வழிதான். உன் அப்பா ஐப்பசியில் இறந்தார். ஓடையில் கழுத்தளவு தண்ணீர். மீசை அரும்பும் வயதில் நீ கால்மாட்டுப் பக்கம் தூக்கியிருந்தாய். கையை எவ்வளவு உயர்த்தியும் கால்மாட்டில் தண்ணீர் புகுந்துவிட்டது. அதைக் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை கன்னியம்மாவிடம் சொன்னாயாம். பிறகு சொல்லவே இல்லையாம்.

"நான் ஊர் முனைல நின்னுகினு மேளத்தையே கேட்டுகினு இருந்தேன் சார். நின்னுச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, எறக்கிட்டாங்கன்னு."

அவரே தொடர்ந்தார்.

"ஒங்கமேல தப்பு சொல்லல. அப்பல்லாம் மேல நாலு பேரு நின்னு பாத்துகினு இருப்பாங்க. எறங்காம இன்னா பண்றது? இப்ப யாரு கீறாங்க அங்க? ஊரே காலி. நாமளாத்தானே எறங்கினோம்."

'நாமளா' என்றார், ஏழுமலை. இறக்கியவன் நான். அந்தச் சொல்லில் தன்னையும் சேர்த்துக்கொண்டு என் பாரத்தில் பாதியை எடுத்துக்கொண்டார். அந்தப் பாதியை நான் அவரிடம் விட்டுவைக்கப்போவதில்லை.

என் ஊர் தெற்கே, ஆற்றங்கரையில். அங்கும் இரண்டு வழிகள் இருந்தன. நான் மேல்வழியில் நடந்து பள்ளிக்கூடம் போனவன். கீழ்வழியில் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏன் அவர்கள் அங்கே போகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. விதிகளை மதிப்பவன் என்று என்னைப்பற்றி நானே பெருமை கொண்டிருந்தேன். எழுதப்படாத அந்த விதியையும் என் கால்கள் சரியாகவே கடைப்பிடித்திருக்கின்றன. அதற்கு யாரும் எனக்குச் சுற்றறிக்கை அனுப்பவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கன்னியம்மாவையும் முனுசாமியையும் அழைத்துக்கொண்டு வரகுமேட்டுக்குப் போனேன். பட்டாபிராம் நிலையத்தில் இறங்கி ஒரு ஷேர் ஆட்டோ. பிறகு நடை. பையில் டேப்பு, தூக்குக்குண்டு, நூல், எஃகு அளவுகோல், நோட்டு. முனுசாமி அவற்றைப் பார்த்துவிட்டு, பொண்ணு பாக்கப் போற மாரி இவ்ளோ சாமான் எதுக்கு சார் என்றார்.

உன் ஊரை நான் அன்றுதான் பார்த்தேன். முதல்முறை வந்தபோது என் கண்ணுக்குப் பலகைதானே தெரிந்தது. ஓட்டு வீடுகளின் கூரை உள்ளே விழுந்திருக்கிறது. கதவுகளையும் நிலைகளையும் கழற்றிப் போய்விட்டார்கள். களத்துமேட்டில் வேலிகாத்தான் முள் ஆளுயரம். கிணற்றுக்குள் எருக்கு முளைத்து வெளியே எட்டிப்பார்க்கிறது. காலனியின் மண்சுவர்கள் கரைந்து மண்ணோடு போய்விட்டன. எந்த வீடு எது என்பதை முனுசாமி காலால் கோடு கிழித்துக் காட்டினார். உன் வீடு நின்ற இடத்தில் ஒரு அம்மிக்கல் மட்டும் கிடக்கிறது.

ஊர் எப்படிக் காலியானது என்றும் அவர் சொன்னார். முதலில் போனவர்கள் காலனிக்காரர்கள்தாம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்தது. நீ போனாய், பின்னாலேயே இருபத்தாறு வீடுகளும் ஒவ்வொன்றாகப் போயின. நட ஆளில்லை, அறுக்க ஆளில்லை. தெருக்காரர்கள் மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு விற்றார்கள், பிறகு நிலத்தையே பிளாட்டு போடுகிறவருக்கு விற்றுவிட்டு நகரம் போனார்கள். உன் அப்பாவைத் தண்ணீரில் இறக்கியவர்களால், உங்கள் கைகள் இல்லாமல் அந்த ஊரைப் பத்தாண்டுகள்கூட நடத்த முடியவில்லை. இதை நான் வருத்தத்தோடு எழுதவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

பாலமோ, ஏழுமலை, அப்படியே நிற்கிறது. மூன்று வளைவுகள். மெல்லிய பழைய செங்கல், சுண்ணாம்புக் காரை. இடுப்பளவுக் கைப்பிடிச் சுவர். ஒரு மூலையில் அரசங்கன்று விரிசலில் வேர்விட்டிருந்தது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். நூல் பிடித்தேன். மூன்று வளைவுகளின் உயரத்தையும் அளந்தேன். கட்டியவன் யாரோ, என்னிடம் வேலைக்கு வந்திருந்தால் ஒரு தட்டுகூடத் திருப்பி அனுப்பியிருக்கமாட்டேன்.

நான் குனிந்து அளந்துகொண்டிருந்தபோது பின்னால் இரைச்சல். ஒரு லாரி, நிறைய செங்கல் ஏற்றிக்கொண்டு, பலகையைத் தாண்டிப் பாலத்தின் மேல் ஏறி, எங்களைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு அக்கரை போயிற்று. பாலம் ஓர் அசைவும் காட்டவில்லை. புழுதி அடங்குவதற்குள் அந்தப் பக்கம் ஒரு கொட்டகையிலிருந்து காவலாளி ஓடிவந்தார். நம் வயதுதான் இருக்கும்.

"யோவ், போர்டு போட்டுகீதே, கண்ணு தெர்ல?"

தெரிகிறது, வைத்தது யார் என்று கேட்டேன்.

"ஓனரு."

"பாலத்துக்கு ஓனரா?"

"பிளாட்டுக்கு."

"அப்படியானால் பாலம் யாருடையது?"

அவர் யோசித்தார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். "பாலம் கெவுருமெண்டுதுதான்" என்று ஒருவழியாகச் சொன்னார்.

கன்னியம்மா புடவைத் தலைப்பால் முகத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டே, "இப்ப ஒரு லாரி போச்சே அண்ணாத்தே, அதுக்குப் படிக்கத் தெர்யாதா?" என்றார்.

காவலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல் திரும்பிக்கொண்டார். ஓனரு லாரிக்கு போர்டு கிடையாது, ஆளுங்களுக்குத்தான் என்றார்.

பலகையின் அருகில் போனேன். இந்த முறை பரிசோதகனாகப் பார்த்தேன். அலுவலகத்தின் பெயர் இல்லை. உத்தரவு எண் இல்லை. கையொப்பம் இல்லை. உனக்குக் கேண்டீனில் பாடம் நடத்தியவன், உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற அந்த ஒரு நிமிடத்தில், இந்த மூன்றில் ஒன்றைக்கூடத் தேடவில்லை. ஒரு ஆணியை வாங்கினால்கூட அளந்து பார்த்துத்தான் வாங்குவேன். ஒரு தகரத்தை அப்படியே வாங்கிக்கொண்டேன்.

முனுசாமி என் கையைப் பிடித்து நடு வளைவுக்கு இழுத்துப் போனார். கைப்பிடிச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. கொடியும் பாசியும் மூடியிருந்தன. அளவுகோலின் விளிம்பால் சுரண்டினோம். மேலே இருந்த ஆங்கில வரிகள் தேய்ந்துவிட்டன. கீழே தமிழ். கட்டுவித்தவர் பெயர் உடைந்துபோயிருக்கிறது. மிச்சம் தெளிவாக இருக்கிறது: சகல ஜனங்களும் போக்குவரவு செய்யும்பொருட்டு.

உரக்கப் படித்தேன்.

"இன்னொரு தபா படி சார்" என்றார் முனுசாமி. படித்தேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் படித்தேன்.

"இதத்தான் அவன் சொல்லிகினே இருப்பான். கல்லுல எழுதிகீதுடா, கல்லுல எழுதிகீதுடான்னு. நாங்க எவன் நம்பினோம்?" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "சகல ஜனங்கன்னா பொணமும் உண்டா சார்?" என்று கேட்டார்.

"உயிரோடு இருப்பவர்கள் மட்டும் என்று எழுதவில்லை" என்றேன்.

எழுத்தில் இருந்தால் அது ரூல்தானே என்று நீ கேட்டது இந்தக் கல்லைப் பற்றித்தான். நெல் மூட்டை சுமந்துகொண்டு இதைக் கடந்த ஒவ்வொரு முறையும் நீ இதைப் படித்திருக்கிறாய். மேலே படிப்பாய். சாவு விழுந்தால் கீழே இறங்குவாய். எத்தனை ஆண்டுகள்? என்னிடம் விவரம் சொல்லாமல் கேள்வியை மட்டும் கேட்டது ஏன்? நான் விடையைத் தவறாகச் சொல்லிவிடுவேன் என்ற அச்சமா? விடையைச் சரியாகத்தான் சொன்னேன், ஏழுமலை. செய்ததுதான் தவறு.

நான் பாலம் கட்டும் பொறியாளன் அல்லன். அளவுக்கு மீறிப் பேசமாட்டேன். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை மறு வாரம் அழைத்துப் போய்க் காட்டினேன். செங்கல் லாரி ஏறுகிற பாலம் நாற்பது மனிதர்களைத் தாங்காதா என்று கேட்டார். அதை எழுதிக் கையொப்பமிட்டும் கொடுத்தார். உரிய அலுவலகத்துக்கு, அந்தப் பலகையை நீங்கள் வைத்தீர்களா என்று எழுதிக் கேட்டேன். மூன்று நினைவூட்டல்களுக்குப் பின் பதில் வந்தது. அவர்கள் எந்தப் பலகையும் வைக்கவில்லை. அந்தப் பதிலில் கையொப்பம் இருக்கிறது.

அதே அலுவலகத்தின் சுவரில் இன்னொன்றும் ஒட்டியிருந்தது. பிளாட்டு போடுகிறவர் பாலத்தை இடித்துவிட்டு, குழாய் பதித்து மண் மூடி, இடுகாட்டுப் பக்கம் மதில் எழுப்ப அனுமதி கேட்டிருக்கிறார். அங்கே குடியிருப்பவர் எவருமில்லை, பாலத்தைப் பயன்படுத்துவோர் எவருமில்லை என்பது அவர் காட்டும் காரணம். ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம்.

பயன்படுத்துவோர் எவருமில்லை! விட்டால்தானே பயன்படுத்த?

பதினொன்றாம் நாள் ஆட்சேபணையைக் கொடுத்தேன். அதற்கு முன், அதில் கையெழுத்து வாங்க இருபத்தாறு குடும்பங்களையும் தேடிப் போனோம். பாடியில் சில வீடுகள், அம்பத்தூரில் பல, பூந்தமல்லியில் இரண்டு. முனுசாமி வழிகாட்ட, உன் செல்வி பெயர்களை எழுதினாள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இடுகாட்டில் கிடக்கும் அந்த வீட்டாரின் பெயரையும் எழுதச் சொன்னேன். சிலருக்குப் பாட்டனின் பெயர் தெரியவில்லை. 'பெயர் தெரியாது, கீழ்வழியாக எடுத்துச் செல்லப்பட்டவர்' என்று அவற்றையும் சேர்த்தோம். சில வீடுகளில் எங்களைச் சற்றுத் தூரத்தில் வைத்துத்தான் பேசினார்கள். இனிமே அந்தப் பாலம் எதுக்கு, அசிங்கத்த ஏன் கிளறுறீங்க, எம் பொண்ணுக்கு மாப்ள பாக்குறோம் என்றார் ஒருவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அவர் கையெழுத்தை நான் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்று, பேனாவைக் கொடுங்கள் என்றார்.

விசாரணை முடிந்து முடிவு இன்னும் வரவில்லை. எதிராகவும் வரலாம். வந்தால் மேல்முறையீடு செய்வேன். அதற்கும் மேலே ஒரு மேசை இருந்தால் அங்கும் போவேன். ஓய்வு பெற எனக்கு இன்னும் ஆண்டுகள் இருக்கின்றன. பொறுமையில் என்னை வென்ற அலுவலகம் இதுவரை இல்லை.

ஆனால் உன்னுடைய காரியம் அந்த முடிவுக்காகக் காத்திருக்காது. வரும் சித்திரையில் உனக்கு வருஷம் திரும்புகிறது. உன்னைத் தோண்டியெடுத்து மறுபடி மேல்வழியாகக் கொண்டுபோக என்னால் முடியாது. நடந்ததை நடக்காததாக்கும் விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. முடிந்ததைச் செய்கிறேன். திவசத்தன்று காலை ஒன்பது மணிக்கு ஊர் முனையில் கூடுகிறோம். உன் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படத்தை, நீ முறைத்துக்கொண்டிருக்கும் அதே படத்தை, கன்னியம்மா எடுத்து வருவார். பெண்கள் ஊர் முனையோடு நிற்பதுதான் பழக்கம் என்று யாரோ நினைவூட்டினார்கள். "நின்னது போதும்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு எழவில்லை.

சென்ற ஆண்டு வந்த மேளக்காரர்களையே அழைத்திருக்கிறேன். நடு வளைவுக்கு நேர் மேலே, அந்தக் கல்லின் அருகில் நின்று, கை ஓயும்வரை அடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர்களில் மூத்தவர், என் அப்பனுக்கும் சேத்து அடிப்பேன் சார் என்றார். காவலாளியிடமும் முறைப்படி நாளும் நேரமும் தெரிவித்துவிட்டேன். அன்னிக்கி நான் டீ குடிக்கப் பூந்தமல்லி போயிருப்பேன் என்றார். டீ குடிக்கப் பூந்தமல்லி வரையிலா என்று கேட்டேன். நல்ல டீ சார் என்றார்.

அனுமதி கேட்டு யாருக்கும் எழுதவில்லை. என் வாழ்நாளில் முன்னனுமதி இல்லாமல் நான் செய்யப்போகும் முதல் காரியம் இதுதான் என்று நீ நினைப்பாய். இல்லை. அனுமதி கல்லில் இருக்கிறது.

ஆகவே நான் செய்யப்போவதை இங்கே அறிவிக்கிறேன். அன்று ஊர்வலத்தின் முன்னால் நான் நடப்பேன். அந்தத் தகரப் பலகையின் முன் ஒரு நிமிடம் நிற்பேன். அதைப் பிடுங்கமாட்டேன், வேறொருவர் பொருளில் கை வைப்பது என் வழக்கமில்லை. அதில் இல்லாத ஒன்றை மட்டும் நிரப்புவேன். 'மீறினால் நடவடிக்கை' என்ற வரிக்குக் கீழே, அழியாத பெயிண்டில், மீறியவன் நான் என்று எழுதி, என் முழுப்பெயரையும் குவார்ட்டர்ஸ் எண்ணையும் தேதியையும் இட்டுக் கையொப்பமிடுவேன். யாரைத் தேடுவது என்று அவர்கள் சிரமப்பட வேண்டாம். பிறகு உன் படத்துக்குப் பக்கத்தில் நடந்து பாலத்தின் மேல் ஏறுவேன். மேளம் நிற்காது. இது என் வாக்கு.

நீ இருபத்திரண்டு ஆண்டுகள் 'மாமே' என்று கூப்பிட்டாய். ஒருமுறைகூட நான் பதிலுக்கு உறவு சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கும் ஒரு மேல்வழி கீழ்வழி வைத்திருந்தேன்போலும். இனி இல்லை.

இப்படிக்கு,
உன் மச்சான்
சங்கரலிங்கம்